சித்திர வகுப்பை நிறுத்துமுன் ஒருமுறை கெனிங்டனுக்குப் போய் வாருங்கள்

தென் லண்டன் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

என் பிள்ளைகள் போகும் சனிக்கிழமைப் பள்ளியில் அடுத்த தவணையிலிருந்து சித்திர வகுப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் லெவன் பிளஸ் கணிதம், அதாவது கிராமர் பள்ளி நுழைவுப் பரீட்சைக்கான கணிதம், நடக்குமாம். பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இது ஒரு பள்ளியின் கதை மட்டுமல்ல, பக்கத்துப் பள்ளிகளிலும் இதே பேச்சுத்தான். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "சித்திரம் கீறிச் சோறு தின்ன ஏலுமா?" என்று கேட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் தலையாட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் சோற்றைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அதே கேள்விக்கு நாங்கள் குடியிருக்கும் இந்தத் தென் லண்டனிலேயே 170 வருடங்களுக்கு முன்பு ஒரு பதில் கிடைத்தது. டூட்டிங்கில் நோர்தர்ன் லைன் ரயில் ஏறி கெனிங்டனில் இறங்கினால் அந்தப் பதில் இன்னமும் ஒரு கட்டடத்தில் உயிரோடு இருக்கிறது. லாம்பெத் சித்திரப் பள்ளியின் கதையைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1850களின் லாம்பெத், லண்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில் புகைக்குள் கிடந்த ஒரு புறநகர். மட்பாண்டச் சூளைகள், எலும்பு காய்ச்சும் கொட்டில்கள், எரிவாயு ஆலை, நெருக்கமான சந்துகள். 1848-49 கொலராவில் இந்தப் பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அங்கே 1853இல் பங்குக் குருவாக வந்து சேர்ந்தவர் ரொபர்ட் கிரெகரி. வந்த மறுவருடமே, இன்றைக்கு பிளாக் பிரின்ஸ் வீதி என்று சொல்கிறோமே, அந்த வீதியில் தன் தேவாலயத்தைச் சார்ந்து ஒரு மாலைநேரச் சித்திரப் பள்ளியைத் தொடங்கினார். பகல் முழுக்க வேலை செய்யும் இளைஞர்கள் இரவில் வந்து கீறப் பழகும் இடம் அது. பசியும் நோயும் இருந்த ஊரில் ஒரு பாதிரியார் ஏன் பென்சிலைத் தூக்கினார் என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்குக் காரணம் காசு. இங்கிலாந்து அரசாங்கம் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கியது கலையின் மேல் கொண்ட ஆசையால் அல்ல. பிரெஞ்சுக்காரர்களின் பட்டும் பீங்கானும் சுவர்த்தாளும் சந்தையில் முந்திக்கொண்டு விற்றன. ஆங்கிலேயரின் இயந்திரம் நல்ல இயந்திரம்தான், ஆனால் அதிலிருந்து வந்த பொருளுக்கு அழகில்லை. 1837இல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டதும் அதனால்தான். 1851இன் பெரும் கண்காட்சியில் உலகத்துப் பொருள்களெல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து நின்றபோது அந்தக் குறை எல்லோர் கண்ணிலும் குத்தியது. அதற்குப் பிறகுதான் ஹென்றி கோல் என்ற அதிகாரியின் கீழ் ஒரு தனித் திணைக்களமே உருவாகி, நாடெங்கும் தொழிலாளர் வாழும் இடங்களில் சித்திரப் பள்ளிகள் முளைத்தன. ஆக, எங்கள் கூட்டத்தில் எழுந்த அதே சோற்றுக் கேள்வியைத்தான் விக்டோரியா காலத்து அமைச்சர்களும் கேட்டார்கள். அவர்கள் கண்ட முடிவு எங்களுடைய முடிவுக்கு நேர்எதிர்.

லாம்பெத் பள்ளி வேகமாக வளர்ந்தது. 1859இல் வாக்ஸ்ஹாலில் இருந்த பழைய உல்லாசத் தோட்டம் மூடப்பட்டு நிலம் கட்டடங்களுக்காகத் துண்டுபோடப்பட்டது. அங்கே பள்ளிக்கு ஒரு புதிய கட்டடம் எழுந்தது. 1860இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர். லண்டன்காரர்கள் இரண்டு நூற்றாண்டாகக் கூத்தும் வாணவேடிக்கையும் பார்த்த நிலத்தில் மட்பாண்டத் தொழிலாளியின் மகன் உட்கார்ந்து கரித்துண்டால் கீறினான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜோர்ஜ் டின்வொர்த். 1843இல் வால்வொர்த்தில் பிறந்தவர். தகப்பன் வண்டிச்சில்லு செய்பவர், குடிகாரர். மகனும் சில்லுத்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மகனோ தகப்பன் வெளியே போன நேரம் பார்த்து மரத்தைச் செதுக்கிப் பார்ப்பார், வரும் சத்தம் கேட்டால் ஒளித்துவைப்பார். இரவு வகுப்புக்குக் கட்டணம் கட்டத் தன் மேற்சட்டையை அடகு வைத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். லண்டன் குளிரில் கோட்டை அடகு வைப்பதென்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கேதான் நான் எங்கள் நிர்வாகக் குழுக்களின் கவனத்தைக் கேட்கிறேன். பள்ளியின் தலைமை ஆசிரியராக வந்த ஜோன் ஸ்பார்க்ஸ், படிப்பித்து முடித்த கையோடு வீட்டுக்குப் போன ஆள் இல்லை. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் டௌல்டன் மட்பாண்ட ஆலை இருந்தது. அப்போது அவர்கள் செய்து விற்றது கழிவுநீர்க் குழாய்கள். கொலராவுக்குப் பிறகு நகரம் முழுக்க நிலத்தடிக் குழாய் போட்ட காலம் அது, ஆர்டர் குவிந்தது. நல்ல காசு வரும்போது அழகு எதற்கு என்று முதலாளி ஹென்றி டௌல்டன் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஸ்பார்க்ஸ் விடவில்லை. என் மாணவர்களுக்கு உன் களிமண்ணையும் உன் சூளையில் ஒரு மூலையையும் கொடு என்று வருடக்கணக்கில் பின்னால் திரிந்தார். கடைசியில் 1860களின் நடுவில் டௌல்டன் இறங்கிவந்தார். டின்வொர்த் ஆலைக்குள் போனார். 1867 பாரிஸ் கண்காட்சிக்குச் சில பாத்திரங்கள் போயின. 1871இல் சவுத் கென்சிங்டன் கண்காட்சியில் லாம்பெத் மாணவர்களின் கைபட்ட உப்புமெருகுப் பாத்திரங்களைச் சனம் சூழ்ந்து பார்த்தது. குழாய்க்குப் போட்ட அதே மண், அதே சூளை, எரியும் நெருப்புக்குள் உப்பை வீசி மெருகேற்றும் அதே முறை. மாறியது அதைத் தொட்ட கை மட்டும்தான்.

டின்வொர்த் 1913இல் இறக்கும்வரை டௌல்டனிலேயே இருந்தார். சில்லுத் தொழிலாளியின் மகனுக்கு ஏறக்குறைய ஐம்பது வருட வேலை. சோறு போட்டதா இல்லையா?

பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஹன்னா பார்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் வங்கி முகாமையாளர். அவர் 1866இல் இறந்துபோக, பெரிய குடும்பம் ஒன்று திடீரென்று வருமானம் இல்லாமல் நின்றது. அந்தக் காலத்தில் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை என்றால் இன்னொருத்தர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். ஹன்னா 1868இல் லாம்பெத் பள்ளியில் சேர்ந்தார், 1871இல் டௌல்டனில் வேலைக்குச் சேர்ந்தார். காயாத களிமண்ணில் கூரான கருவியால் நேராகக் கீறி, குதிரையும் மானும் ஆடும் ஓடவிட்டார். அழித்துத் திருத்த வழியில்லாத வேலை அது. தங்கை ஃபுளோரன்ஸும் வந்து சேர்ந்தார். விலங்குகள் அக்காவுக்கு, பறவைகளும் பூக்களும் தங்கைக்கு என்று இருவரும் பிரித்துக்கொண்டார்கள். 1880களில் அந்தக் கலைக்கூடத்தில் சில நூறு பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால் செய்தவருடைய எழுத்துச் சின்னம் இருக்கும். இன்று ஏல விற்பனைக்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.

பிளாக் பிரின்ஸ் வீதி மூலையில் டௌல்டனின் பழைய கட்டடத்தில் மிஞ்சிய பகுதி ஒன்று, 1878இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். டின்வொர்த் சுட்ட மண்ணில் செய்த ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஆலைக்குள் ஆட்கள் ஒரு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹன்னா பார்லோவும் இருக்கிறார். அவருடைய கதிரைக்குக் கீழே அவரது பூனை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் சத்தம் போடாமல் நிற்பார்கள்.

இந்தப் பள்ளியைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. கோலின் திணைக்களம் இருந்த சவுத் கென்சிங்டனில் இருந்து வந்த பாடத்திட்டம் உயிரை வாங்குகிற ஒன்று. ரிச்சர்ட் ரெட்கிரேவ் வகுத்த அந்தத் திட்டத்தில் 23 படிகள். முதலில் அட்டையில் அச்சடித்த கோடுகளைப் பார்த்துக் கோடு, பிறகு அட்டையில் உள்ள இலையைப் பார்த்து இலை, பிறகு வெள்ளைச் சாந்து வார்ப்புகள். உயிருள்ள ஆளைப் பார்த்துக் கீற வெகுகாலம் காத்திருக்க வேண்டும். ஒரே வார்ப்பைப் புள்ளி புள்ளியாய் நிழல்போட்டு மாதக்கணக்கில் கீறிய மாணவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அதற்கு மேல் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் கொடுக்கும் முறை ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அப்புறம் என்ன, எது பரிசு வாங்கித் தருமோ அதையே ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். கடந்தகாலத் தாள்களை அடுக்கிவைத்துப் பிள்ளையைப் பயிற்றும் எங்கள் டியூஷன் வகுப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் அதிகம் இல்லை.

லாம்பெத் அதிலிருந்து தப்பியது பக்கத்தில் சூளை இருந்ததால். அட்டையைப் பார்த்துக் கீறிய கைக்கு அடுத்த வாரமே ஈர மண் கிடைத்தது. அது இல்லாத பல புறநகர்ப் பள்ளிகள் பரிசுப் பதக்கங்களோடு மட்டும் நின்றுவிட்டன. என் பிள்ளைகளின் பள்ளியில் நடந்த சித்திர வகுப்பும் உண்மையில் அப்படித்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அச்சடித்த மயிலுக்கு வர்ணம் தீட்டுவது, தைப்பொங்கலுக்குப் பானை, கலைவிழாவுக்குப் பின்திரை. இப்படி நடத்தினால் பெற்றோர் நிறுத்தச் சொல்வது ஒன்றும் அதிசயம் இல்லை.

இனி நான் எழுத ஆசைப்பட்ட ஆளுக்கு வருகிறேன். ஜூல்ஸ் டலூ. பாரிஸ்காரர், சிற்பி. 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி எழுச்சியில் பங்கெடுத்து, அது இரத்தத்தில் அடக்கப்பட்டதும் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு ஓடிவந்தவர். அவர் இங்கே இருக்கும்போதே அங்கே ஆயுள்தண்டனை விதித்தார்கள். திரும்பிப் போக முடியாது. பின்னர் சவுத் கென்சிங்டனிலும் லாம்பெத் பள்ளியிலும் சிற்பம் படிப்பிக்க அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஆங்கிலம் சரியாக வராது. அதனால் விளக்கம் சொல்வதில்லை, களிமண்ணை எடுத்து மாணவர் முன்னால் செய்து காட்டினார். அதுவரை ஆங்கிலச் சிற்ப வகுப்பில் யாரும் அப்படிச் செய்து காட்டியதில்லை என்றே சொல்லலாம். பிரான்ஸ் பொதுமன்னிப்பு அறிவித்ததும் 1880இல் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் இங்கே படிப்பித்தது கொஞ்ச வருடம்தான், ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலச் சிற்பம் அடியோடு மாறியதைப் பற்றி எழுதுகிற எவரும் அவர் பெயரைத் தாண்டிப் போவதில்லை.

அகதி, மொழி தெரியாது, கையில் தொழில் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் இப்படி எத்தனை பேர்! ஊரில் தேர்ச்சிற்பம் செதுக்கிய குடும்பத்தில் வந்து இங்கே கடையில் பெட்டி தூக்குகிறவரை எந்தத் தமிழ்ப் பள்ளியாவது தேடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறதா? ஸ்பார்க்ஸின் லாம்பெத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு வகுப்பறை கொடுத்தார்கள்.

டலூ புறப்படுவதற்கு முந்திய வருடம் பள்ளிக்கு ஒரு கிளை வந்தது. லண்டன் நகர நிர்வாகமும் கில்ட் எனப்படும் பழைய கைவினை, வணிகக் குழுமங்களும் சேர்ந்து தொழிற்கல்விக்காக 1878இல் சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனத்தை அமைத்திருந்தன. அவர்கள் 1879இல் கெனிங்டன் பார்க் வீதியில் தென் லண்டன் தொழில்நுட்பக் கலைப்பள்ளியைத் திறந்தார்கள். சிற்பம், மரச்செதுக்கு அச்சு, பீங்கான் வர்ணம், வீட்டலங்காரம். ஸ்பார்க்ஸ்தான் இதற்கும் பின்னால் இருந்தவர். டலூவுக்குப் பிறகு சிற்ப வகுப்பை வில்லியம் சில்வர் ஃபிரித் எடுத்து நடத்தினார். ஹாரி பேட்ஸ், ஜோர்ஜ் ஃபிராம்ப்டன், கொஸ்கோம் ஜோன், பொமரோய் என்று அங்கிருந்து வெளியே வந்தவர்களின் வேலைக்குள்ளேதான் நாங்கள் லண்டனில் நடமாடுகிறோம். ஓல்ட் பெய்லி நீதிமன்றக் கூரையில் வாளும் தராசுமாக நிற்கும் பொன்னிற நீதிதேவதை பொமரோய் செய்தது. கென்சிங்டன் தோட்டத்தில் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுப்பீர்களே, குழல் ஊதும் சிறுவர் கதைநாயகன் பீட்டர் பானின் சிலை, 1912இல் நிறுவியது, அது ஃபிராம்ப்டன் செய்தது.

பீட்டர் பான் பற்றி இன்னொன்று. 1906இல் அந்தக் கதைக்கு உலகப் புகழ்பெற்ற படங்களைக் கீறிய ஆர்தர் ராக்கமும் லாம்பெத் பள்ளியின் இரவு மாணவர்தான். பகலில் ஒரு தீக்காப்புறுதி அலுவலகத்தில் எழுதுநர். வேலையை விடாமல் வருடக்கணக்கில் இரவில் படித்து, காலூன்றிய பிறகுதான் கதிரையை விட்டு எழுந்தார். கணக்காளர் வேலையையும் விடக்கூடாது, ஆசையையும் விடக்கூடாது என்று யோசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இவர் படத்தைக் காட்டுங்கள்.

வாக்ஸ்ஹால் பாலத்தைத் தினமும் கடப்பவர்களில் பலர் அதன் தூண்களில் எட்டு வெண்கலப் பெண்கள் நிற்பதைக் கண்டதில்லை, அவை ஆற்றைப் பார்த்தபடி நிற்பதால். மேற்குப் பக்கத்து நான்கும் பொமரோயின் வேலை. ஒருத்தி கையில் மட்பாண்டம் வைத்திருக்கிறாள், லாம்பெத்துக்குப் பொருத்தம்தான். கட்டடக்கலையைக் குறிக்கும் இன்னொருத்தி கையில் சின்னதாகப் புனித பவுல் பேராலயம். பள்ளியைத் தொடங்கிய கிரெகரி பாதிரியார் 1890இலிருந்து அதே பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தார். தற்செயல்தான், ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

வடக்கு லண்டன், மேற்கு லண்டன்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் பங்கு உண்டு. ரொபர்ட் வாலஸ் மார்ட்டின் லாம்பெத் இரவு வகுப்பில் டின்வொர்த்தின் கூட்டாளி. தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு 1877இல் சவுத்தாலில் கால்வாய்க் கரையில் மட்பாண்டச்சாலை போட்டார். கோணல் சிரிப்போடு தலை தனியாகக் கழற்றக்கூடிய பறவைச் சாடிகள் செய்தார்கள். இன்று நாங்கள் சேலையும் ஜிலேபியும் வாங்கப்போகும் அதே சவுத்தால்.

தொழில்கள் சாகும், அதையும் மறைக்கவில்லை. கெனிங்டன் பள்ளிக்கு மரச்செதுக்கு அச்சு படிக்க வந்து 1882இல் அங்கே நண்பர்களான சார்ள்ஸ் ரிக்கெட்ஸும் சார்ள்ஸ் ஷானனும் பயிற்சி முடித்த கொஞ்ச காலத்தில் புகைப்பட அச்சு அந்தத் தொழிலையே விழுங்கிவிட்டது. ரிக்கெட்ஸ் அந்தக் கையைக் கொண்டு புத்தக வடிவமைப்புக்குப் போனார், 1896இல் சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கினார். டௌல்டனின் லாம்பெத் சூளைகள் 1956இல் அணைந்தன. உப்புப் புகையைப் புதிய காற்றுத் தூய்மைச் சட்டம் பொறுக்கவில்லை.

கெனிங்டன் பள்ளி மட்டும் நின்றுபிடித்தது. சிட்டி அண்ட் கில்ட்ஸ் லண்டன் கலைப்பள்ளி என்று பெயர் மாறி, 1971இல் தனி அறக்கட்டளையாகி, அதே கெனிங்டன் பார்க் வீதியில் இன்றும் நடக்கிறது. கல்லிலும் மரத்திலும் செதுக்கவும் பழைய பொருள்களைப் பேணிக் காக்கவும் அங்கே படிப்பிக்கிறார்கள். இந்த நாட்டில் பழைய தேவாலயமும் மாளிகையும் இருக்கும்வரை அந்தக் கைகளுக்கு வேலை இருக்கும்.

சரி, நான் கேட்பது இதுதான். சித்திர வகுப்பை எடுக்காதீர்கள், ஆனால் இப்போதுள்ள மாதிரியும் நடத்தாதீர்கள். மயில் அட்டைகளைத் தூக்கி வையுங்கள். களிமண் வாங்கிக் கொடுங்கள், அது விலை குறைவு. எங்கள் பெற்றோரிலேயே தச்சர் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார், நகை செய்கிறவர் இருக்கிறார், கோயில் சப்பரம் கட்டுகிறவர் இருக்கிறார். அவர்களுடைய ஆங்கிலத்தைப் பார்க்காமல் மாதம் ஒருமுறை வகுப்புக்குக் கூப்பிடுங்கள், வந்துபோகும் செலவையாவது கொடுங்கள். கணிதத்துக்கு நேரம் வேண்டுமென்றால் பேச்சுப்போட்டி ஒத்திகையில் கொஞ்சம் வெட்டலாம், அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வருடாந்தச் சுற்றுலாவை இந்தமுறை தீம் பார்க்குக்குப் பதிலாக பிளாக் பிரின்ஸ் வீதியில் தொடங்கி, வாக்ஸ்ஹால் பாலம் பார்த்து, கெனிங்டனில் முடிக்கலாம். நடக்கிற தூரம்தான், நுழைவுச்சீட்டும் இல்லை. மாணவர் கண்காட்சி நடக்கும் நாளாகப் பார்த்து வைத்தால் உள்ளேயும் போகலாம்.

அடுத்த தவணை தொடங்குமுன் எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழு இன்னொரு கூட்டம் போட வேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்கிறோம். மற்றப் பள்ளிப் பெற்றோரும் உங்கள் குழுவிடம் இதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். களிமண் செலவில் முதல் தவணைக்கு உரியதை நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தென் லண்டனிலிருந்து ஒரு தகப்பன்